அடிவயிற்று வலியும் சூலகக் கட்டிகளும்

நாம் மருத்துவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளையும் அறிக்கைகளையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்து எழுதுவதையே தொழிலாகக் கொண்டு, தலைநகராகிய தில்லியில் பதினேழு ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறோம். அப்படியிருக்க, பெண்களின் சூலகத்தில் உண்டாகும் கட்டிகளைப் பற்றியும் அவற்றால் வரும் வலியைப் பற்றியும் பேச நமக்கு என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. நாம் செய்த ஒரு தவற்றை முதலில் கூறிவிட்டு, பிறகு விஷயத்துக்கு வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழி இரவு. நாம் குடியிருக்கும் அரசுக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதங்கூட நிறையவில்லை. கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்தார். நள்ளிரவில் அவருடைய தாயார் வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டினார். மருமகள் வலது அடிவயிற்றைப் பற்றிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தார். இருமுறை வாந்தியும் எடுத்துவிட்டார். நம் இல்லாளும் அவ்வமயம் ஊருக்குச் சென்றிருந்தமையால் நாமே வாடகை வண்டி ஒன்றைப் பிடித்து, இருவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வண்டியில் போகும்போது அந்த மூதாட்டி நம்மிடம், “தம்பி, இவ தூரமாகி நாப்பது நாளாச்சு, போன மாசமும் ரெண்டு தடவை இப்படித்தான் சுருட்டிப் பிடிச்சுது, படுத்ததும் விட்டுட்டுது. அதையும் டாக்டர்கிட்டச் சொல்லிருங்க” என்று திரும்பத் திரும்பக் கூறினார். அவருக்கு இந்தி தெரியாது. மருமகளுக்கோ வலியில் பேச்சே எழவில்லை.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் இருந்தார். சுற்றிலும் நோயாளிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தனர். அவர் “என்ன?” என்று கேட்டபோது நாம், “பேட் மேம் தர்த் ஹை, உல்டீ பீ ஹுயீ ஹை” என்றோம். வயிற்றில் வலி, வாந்தியும் உண்டு என்பதே அதன் பொருள். அத்துடன் நிறுத்திக்கொண்டோம். அயல்வீட்டுப் பெண்ணின் மாதவிலக்கைப் பற்றி, அவர் எதிரிலேயே, மற்றோர் ஆடவரிடம் பேச நமக்கு நாக் கூசிற்று. முன்னரும் இருமுறை இவ்வாறு வலி வந்து நின்றது என்பதையும் அந்தக் கூச்சத்தில் விட்டுவிட்டோம். மருத்துவர் வாயு என்று கருதி ஊசி போட்டு, மாத்திரை எழுதித் தந்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் முற்பகல் அப்பெண்ணை மீண்டும் கொண்டு செல்ல நேர்ந்தது. இம்முறை பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர். மூதாட்டியிடம் சைகையாலும் அரைகுறைச் சொற்களாலும் கேட்டு, விலக்கு நின்ற நாளையும் முந்தைய வலிகளையும் அறிந்துகொண்டார். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். வலப்பக்கச் சூலகத்தில் ஒரு கட்டி இருந்தது. அதன் பாரத்தால் சூலகம் தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டு, இரத்த ஓட்டம் அற்றுப்போய், கறுத்து அழுகும் நிலையை அடைந்திருந்தது. அதை அகற்றியே தீரவேண்டியதாயிற்று. “நேற்றிரவே இந்த விவரங்களை யாரும் சொல்லவில்லையா?” என்று அந்த மருத்துவர் கேட்டபோது நாம் தலை குனிந்து நின்றோம்.

இரவில் பார்த்த மருத்துவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் காதில் விழுந்ததைக் கொண்டு அவர் முடிவு செய்தார். நம் அலுவலகத்தில் ஒரு சொல் விட்டுப்போனால் மேலதிகாரி சிவப்பு மையில் அதைச் சேர்த்துவிடுவார். அங்கே அவ்வாறு சேர்ப்பார் எவரும் இல்லை. அன்று தொட்டு, இவ்விஷயத்தை மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் ஓரளவு கற்றுக்கொண்டோம். தாய்மொழி வழங்காத ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பயன்படும் என்ற எண்ணத்திலேயே இன்று பேச முன்வந்தோம்.

முதலில் உறுப்பை அறிந்துகொள்வோம். கருப்பையின் இரு பக்கத்திலும், இடுப்பெலும்புக் கூட்டினுள், வாதுமைப் பருப்பின் வடிவில், ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு உறுப்புகள் உள்ளன. இவற்றைச் சூலகம் என்றும், சினைப்பை என்றும், பேச்சு வழக்கில் முட்டைப்பை என்றும் கூறுகிறோம். சூல் என்பது கருவைக் குறிக்கும் பழஞ்சொல். மழைமேகத்தைக்கூடச் சூல் கொண்ட மேகம் என்பது நம் வழக்கம். சூலை என்பது வேறு. அது வயிற்றில் குத்தியெடுக்கும் வலியின் பெயர். திருநாவுக்கரசரை வருத்திய நோயும் சூலை என்றே அழைக்கப்படுகிறது. அந்தக் காலத்தில் வயிற்றினுள் எந்த உறுப்பு வலித்தாலும் சூலை என்ற ஒரே பெயரால் வழங்கினர். உள்ளே எட்டிப் பார்க்க வழி இல்லை. இன்று வழி உண்டு. ஆயினும் நாம் இன்னும் எல்லாவற்றையும் ‘வயிற்று வலி’ என்றே கூறிக்கொண்டிருக்கிறோம்.

சூலகம் ஒவ்வொரு மாதமும் ஒரு வேலை செய்கிறது. அதில் நீர் நிறைந்த சிறு குமிழ்கள் சில வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அளவுக்குப் பெருத்து, வெடித்து, முட்டையை வெளியிடும். வெடித்த இடம் மஞ்சள் நிறத்தோடு சிறிது காலம் சுரப்புநீரைத் தந்துகொண்டிருந்து, கரு தரிக்காவிடில் சுருங்கி மறையும். சில மாதங்களில் குமிழ் வெடிக்காமலே வளர்ந்துவிடுகிறது. வேறு சில மாதங்களில் வெடித்த இடம் மூடிக்கொண்டு அதனுள் நீரோ இரத்தமோ தேங்குகிறது. இவ்விரண்டுமே நீர்க்கட்டிகள்தாம். ஆனால் இவை நோய் அல்ல. உறுப்பு தன் வேலையைச் செய்கையில் நேர்ந்த சிறு பிசகு. பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதவிலக்குச் சுற்றுகளில் தாமாகவே கரைந்து போகின்றன. மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு ஸ்கேனில் 5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, மெல்லிய சுவரும் தெளிந்த நீருமாகத் தோன்றும் கட்டி இருப்பின், பெரும்பாலும் ஏதும் செய்ய வேண்டியதில்லை.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். தமிழில் கட்டி என்ற ஒரே பெயர் சீழ் வைத்த கொப்புளத்தையும் குறிக்கிறது, உறைந்த இரத்தத்தையும் குறிக்கிறது, நீர் தேங்கிய பையையும் குறிக்கிறது, புற்றுநோயையும் குறிக்கிறது. இந்தியில் முடிச்சு என்று பொருள்படும் காண்ட் என்ற சொல்லும் இவ்வாறே பல பொருளுக்கும் நிற்கிறது. ஆகவே ‘உங்களுக்குக் கட்டி இருக்கிறது’ என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்திலேயே நம் தாய்மார்களின் முகம் வெளிறிவிடுகிறது. அவ்விடத்தில் மனம் தளராமல் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அது நீர் நிறைந்ததா, கெட்டியானதா? அளவு எவ்வளவு? எத்தனை வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

மாதவிலக்குக்கும் மாதவிலக்குக்கும் இடைநடுவில், முட்டை வெளிப்படும் வேளையில், ஒரு பக்க அடிவயிற்றில் சில பெண்களுக்குச் சுருக்கென்று வலிக்கும். சில நிமிடம் முதல் ஓரிரு நாள் வரை இருந்து நின்றுவிடும். ஜெர்மானியர் இதற்கு ‘நடு வலி’ என்று பொருள்படும் மிட்டல்ஷ்மெர்ட்ஸ் என்ற பெயரை வைத்தனர். உலகெங்கும் மருத்துவர்கள் அப்பெயரையே வழங்குகின்றனர். இதனால் தீங்கில்லை. நாட்காட்டியில் விலக்கு நாளையும் வலி வந்த நாளையும் குறித்துவரும் பெண்ணுக்கு இது இன்ன வலி என்று தானாகவே விளங்கிவிடும்.

இனி, தாமாக மறையாத கட்டிகள் சில உண்டு. இளம் வயதினரிடம் அடிக்கடி காணப்படுவது டெர்மாய்ட் என்பது. எல்லா வகைத் திசுக்களையும் உண்டாக்கவல்ல கருவணு சூலகத்தினுள்ளேயே வளரத் தொடங்குவதால், இக்கட்டியில் கொழுப்பும் மயிரும் சில சமயம் பல்லும்கூடக் காணப்படும். இதைக் கேட்டுச் செய்வினை என்றும் சாபம் என்றும் அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்துக்கு இடமே இல்லை. இது மெதுவாக வளர்வது. பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதது. ஆனால் சூலகத்தை முறுக்கிவிடும் இயல்பு இதற்கு உண்டு. நம் அயல்வீட்டுப் பெண்ணுக்கு இருந்தது இதுவே.

இரண்டாவது வகை, சாக்லேட் கட்டி என்று மருத்துவர் கூறுவது. கருப்பையின் உட்சுவரை ஒத்த திசு சூலகத்தில் வளர்ந்து, ஒவ்வொரு மாதமும் அங்கேயே இரத்தம் கசிந்து, பழுப்புநிறக் குழம்பாகத் தேங்குவதால் இப்பெயர் வந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயின் ஒரு வடிவம் இது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு அந்நோய் இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விலக்குக்குச் சில நாள் முன்பே தொடங்கும் கடும் வலி, தாம்பத்திய உறவின்போது வலி, விலக்கு நாட்களில் மலம் கழிக்கையில் வலி, கரு தரிக்கத் தாமதம் ஆகியவை இதன் அடையாளங்கள். ‘எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று சொல்லிச் சொல்லியே பல ஆண்டுகளை வீணாக்கிவிடுகிறோம். பள்ளிக்கோ வேலைக்கோ போகமுடியாதபடி மாதந்தோறும் படுக்கவைக்கும் வலி இயற்கையன்று. அதற்குச் சிகிச்சை உண்டு.

மூன்றாவது வகை, சூலகத்தின் மேற்புறத் தோலிலிருந்து எழுபவை. நீர் போன்ற திரவமோ கோழை போன்ற திரவமோ நிறைந்து, வலியே இல்லாமல் பூசணிக்காய் அளவுக்குக்கூட வளர்ந்துவிடும். வயிறு பெருப்பதைக் கண்டு, தொப்பை என்றோ கர்ப்பம் என்றோ எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் மற்றொன்று பி.சி.ஓ.எஸ். என்பது. 1935-ஆம் ஆண்டில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதை விவரித்தனர். தமிழில் இதையும் நீர்க்கட்டி என்றே சொல்லுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இந்தப் பெயர் நமக்கு வருத்தம் தருகிறது. ஏனெனில் அங்கே காணப்படுபவை கட்டிகளே அல்ல. முதிராமல் நின்றுபோன சிறு குமிழ்கள். சுரப்புநீர்களின் சமநிலை பிறழ்வதே மூலம். விலக்கு தள்ளிப்போதல், முகத்தில் மயிர் வளர்தல், பருக்கள், உடல் பருத்தல், சர்க்கரை நோய்க்கு இடமாதல் ஆகியன இதன் விளைவுகள். பொதுவாக இது வலி தருவதில்லை. ஆகையால், ‘எனக்கு நீர்க்கட்டி இருக்கிறது, அதனால்தான் வலிக்கிறது’ என்று பி.சி.ஓ.எஸ். உள்ள பெண் வலியைப் பொறுத்துக்கொண்டிருத்தல் தகாது. அவ்வலிக்கு வேறு காரணம் இருக்கலாம்.

இப்போது, பொறுத்திருக்கக்கூடாத வலிகளைக் கூறுகிறோம். நேயர்கள் இதைச் சிறிது கவனத்துடன் கேட்க வேண்டுகிறோம். முதலாவது, முறுக்கு. 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி இருக்கும்போது இதற்கு வாய்ப்பு அதிகம். திடீரென ஒரு பக்கம் கடுமையாக வலிக்கும். குமட்டலும் வாந்தியும் உடன் வரும். முறுக்கு தானே அவிழ்ந்து, வலி விட்டுவிட்டு வருவதும் உண்டு. அந்த முன்வலிகள் ஓர் எச்சரிக்கை. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை அவிழ்த்துவிட்டால் சூலகத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஸ்கேனில் இரத்த ஓட்டம் தெரிவதாலேயே முறுக்கு இல்லை என்று தீர்மானித்துவிட இயலாது. ஆதலின் பெண் கூறும் வலியின் விவரமே மருத்துவருக்குப் பெரிய துணை.

இரண்டாவது, கட்டி உடைதல். பாரம் தூக்கிய பின்போ, உறவுக்குப் பின்போ திடீரென வலி எழும். பல சமயம் ஓய்விலேயே தணிந்துவிடும். ஆனால் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் தலைச்சுற்றல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, தோள்பட்டை வலி ஆகியன தோன்றும். மூன்றாவது, கட்டியே அல்லாத ஓர் ஆபத்து: கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் கரு தங்கிவிடுதல். விலக்கு தள்ளியிருக்கும்போது அடிவயிறு வலித்தால், மருத்துவர் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்ய விரும்புவதன் காரணம் இதுவே. கடைசியாக விலக்கான தேதியைச் சொல்லத் தயங்குவது எத்தகைய பிழை என்பது இதிலிருந்து விளங்கும். இம்மூன்றில் எது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்கவும் வேண்டாம். உடனே புறப்படுவதே கடமை. 112 என்ற அவசர எண் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானது என்பதை நினைவில் கொள்க.

சூலகப் புற்றுநோயைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இது பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கு வருவது. இதன் தொல்லை யாதெனில், தொடக்கத்தில் இதற்கென்று தனி அடையாளம் இல்லை. வயிறு உப்புசம், சிறிது உண்டதுமே வயிறு நிறைந்த உணர்ச்சி, அடிவயிற்றில் மந்தமான வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல் ஆகிய நான்கும்தாம். இவை யாருக்கும் ஒரு நாள் வரும், போகும். புதிதாகத் தோன்றி, வாரக்கணக்கில் விடாமல் தொடர்ந்தால், அதுவும் விலக்கு நின்ற பெண்ணுக்குத் தொடர்ந்தால், வாயு மாத்திரையோடு நிற்காமல் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். தாய்க்கோ சகோதரிக்கோ சூலகத்திலோ மார்பிலோ புற்றுநோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கலாகாது, பி.ஆர்.சி.ஏ. எனப்படும் மரபணுக்களின் பழுது குடும்ப வழியில் வருவது.

சி.ஏ. 125 என்னும் இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதன் எண் உயர்ந்திருப்பதைக் கண்டவுடனே குடும்பமே அழத் தொடங்கிவிடுகிறது. சாக்லேட் கட்டியிலும், விலக்கு நாட்களிலும், கர்ப்பத்திலும் அந்த எண் உயரலாம். நம் நாட்டில் இன்னும் பரவலாக உள்ள வயிற்றுக் காசநோயிலும் அது உயர்வதோடு, வயிற்றில் நீரும் சேர்ந்து, புற்றுநோயைப் போலவே தோற்றம் தரும். அது மருந்தினாலேயே குணமாகிவிடும். ஆகவே திசுவைப் பரிசோதித்து உறுதி செய்யும் வரை எந்த முடிவுக்கும் வரவேண்டாம். எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் ஆண்டுதோறும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வதாலும் பயன் காணப்படவில்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய பரிசோதனைகளால் இந்நோயின் சாவு குறையவில்லை என்றே தெரிந்தது.

மருத்துவம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அறிய இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். 1809-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் கிராஃபர்ட் என்ற பெண்மணிக்கு வயிறு பெருத்தது. கர்ப்பம் என்றே எல்லோரும் எண்ணினர். எஃப்ரேம் மெக்டவல் என்ற மருத்துவர் அது சூலகக் கட்டி என்று கண்டறிந்தார். மயக்க மருந்து தோன்றாத காலம் அது. அப்பெண்மணி குளிர்காலத்தில் 60 மைல் தூரம் குதிரைமீது பயணம் செய்து, டான்வில் என்ற ஊரில் இருந்த மருத்துவரின் இல்லத்தை அடைந்தார். 25 நிமிடத்தில் அறுவை முடிந்தது. ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையுள்ள கட்டி அகற்றப்பட்டது. அவர் அதன் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இரண்டாவது நிகழ்ச்சி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்தது. உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலைகளால் சோதிக்கும் கருவியைக் கண்ட இயன் டொனால்ட் என்ற பேராசிரியர், அதைக் கொண்டு மனித வயிற்றையும் பார்க்கலாமே என்று எண்ணினார். இரைப்பையில் புற்றுநோய் முற்றிவிட்டது என்று கைவிடப்பட்டிருந்த ஒரு பெண்மணியின் வயிற்றில் அக்கருவியை வைத்துப் பார்த்தபோது, அது நீர் நிறைந்த பெரிய சூலகக் கட்டி என்று புலப்பட்டது. அதை அகற்றினார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். 1958-ஆம் ஆண்டு இந்த முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இன்று நம் ஊர்ச் சிறு நகரங்களிலும் உள்ள ஸ்கேன் பரிசோதனை அதன் வழித்தோன்றலே. அதில் கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை.

சிகிச்சை என்ற பெயரில் எல்லாக் கட்டியையும் அறுக்க வேண்டியதில்லை. சிலவற்றைக் காத்திருந்து மறுபடி பார்ப்பதே சிகிச்சை. அறுக்க நேர்ந்தாலும், பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுச் சூலகத்தை விட்டுவைக்க இயலும். ஒரு சூலகம் போனாலும் மற்றொன்று நன்றாக இருப்பின் மாதவிலக்கும் வரும், மகப்பேறும் வாய்க்கும். இதை மணமாகாத பெண்களின் பெற்றோர் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கூற விரும்புகிறோம். ‘பிள்ளைகள் பிறந்துவிட்டார்களே, கருப்பையையும் சூலகங்களையும் சேர்த்து எடுத்துவிடலாம், தொல்லை விட்டது’ என்று எவரேனும் கூறினால், அவசரமில்லாத நிலையில் உடனே தலையாட்ட வேண்டாம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், பிழைப்புக்காக ஊர் ஊராகச் சென்று கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இளம் வயதிலேயே கருப்பை அகற்றப்பட்டிருந்த செய்தி 2019-ஆம் ஆண்டில் நாடெங்கும் பேசப்பட்டது. இரு சூலகங்களையும் உரிய வயதுக்கு முன் இழந்தால் எலும்பு தேயும். இதயத்துக்கும் கேடு வரும். வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது நோயாளியின் உரிமை. அதனால் முதல் மருத்துவருக்கு அவமதிப்பு ஏதும் இல்லை.

இறுதியாக, நம் தொழிலுக்கு உரிய விஷயத்துக்கு வருவோம். வயிற்று வலி என்பதற்கும் அடிவயிற்று வலி என்பதற்கும் மருத்துவத்தில் பெரிய வேற்றுமை உண்டு. பேட் என்றால் முழு வயிறும் ஆகும். அடிவயிற்றுக்கு இந்தியிலும் குஜராத்தியிலும் பேடூ என்ற சொல் உண்டு. வங்காளியில் தொல்பேட், மராத்தியில் ஓட்டீபோட், தெலுங்கில் பொத்திகடுப்பு, கன்னடத்தில் கிப்பொட்டெ, மலையாளத்தில் நம்மைப் போலவே அடிவயர். மாதவிலக்கை இந்தியில் மாஹ்வாரீ என்றும், வங்காளியில் மாஸிக் என்றும், மராத்தியில் பாளீ என்றும், தெலுங்கில் நெலசரி என்றும், கன்னடத்தில் முட்டு என்றும் கூறுவர். இவை ஒன்றும் நினைவுக்கு வராவிட்டால் பீரியட்ஸ் என்ற சொல்லை எந்த மருத்துவமனையிலும் அறிவார்கள். ‘தூரம்’, ‘தலைக்குக் குளித்தல்’ என்று நாம் மறைத்துக் கூறும் சொற்களை அப்படியே பெயர்த்தால் எவருக்கும் விளங்காது.

ஒரு சிறு காகிதத்தில் ஐந்து விவரங்களை எழுதி வீட்டில் வைத்திருங்கள். கடைசியாக விலக்கான தேதி. வலி தொடங்கிய நேரம். வலப்பக்கமா இடப்பக்கமா என்பது. முன்னர் இவ்வாறு வலித்ததுண்டா என்பது. வாந்தி, மயக்கம், இரத்தப்போக்கு உண்டா என்பது. எண்களையும் தேதிகளையும் எழுதிக் காட்டினால் மொழி குறுக்கே நிற்காது. பழைய ஸ்கேன் அறிக்கைகளை எறிந்துவிடாமல், ஊர் மாறும்போது ரேஷன் அட்டையோடும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழோடும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். ஆறு மாதத்துக்கு முன் கட்டியின் அளவு என்ன என்பது புதிய ஊர் மருத்துவருக்கு மிகவும் முக்கியம்.

ஆடவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அயலூரில் நம் வீட்டுப் பெண்களுக்கு வாயாக அமைபவர்கள் பெரும்பாலும் நாம்தாம். அவர்கள் சொல்வதை உள்ளது உள்ளபடி, ஒரு சொல்லும் குறையாமல் எடுத்துரைப்பது நம் கடமை. நமக்கு வரும் கூச்சத்துக்காக அவர்கள் உடலால் விலை கொடுக்கும்படி விடக்கூடாது. இயன்றால் அக்கம்பக்கத்தில் அம்மொழி அறிந்த தமிழ்ப் பெண்மணி ஒருவரை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது நலம்.

நம் அயல்வீட்டுப் பெண் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆண் மகவைப் பெற்றெடுத்தார். எஞ்சியிருந்த ஒரு சூலகம் தன் கடமையைச் செய்தது. குழந்தையைப் பார்க்கச் சென்றபோது அந்த மூதாட்டி பழைய கதை எதையும் எடுக்கவில்லை. “தம்பி, காப்பி சாப்பிட்டுத்தான் போவணும்” என்றார். அமர்ந்து, காப்பி அருந்திவிட்டு வந்தோம். அவர் வண்டியில் நம்மிடம் ஒப்படைத்த வார்த்தைகளை அன்று உரிய இடத்தில் சேர்க்கவில்லை. இன்று இந்த உரையின் வாயிலாக உங்களிடமாவது சேர்த்துவிட்டோம் என்ற அளவில் சிறிது ஆறுதல்.